முப்பது நகல் இருந்தும் உதவாத கதை

தென்கொரியாவின் டேஜோன் நகரில், 2025 செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, அரசாங்கத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. லித்தியம்-அயன் மின்கலங்களில் தொடங்கிய தீ அது. 600க்கும் மேற்பட்ட அரசாங்கக் கணினிச் சேவைகள் நின்றுபோயின. பல சேவைகள் சில நாளிலோ சில வாரத்திலோ மீண்டு வந்துவிட்டன. ‘ஜி-டிரைவ்’ என்ற சேமிப்பகம் வரவே இல்லை. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைக்க ஆளுக்கு 30 ஜிகாபைட் இடம் ஒதுக்கியிருந்த சேமிப்பகம் அது. மொத்தம் 858 டெராபைட். வேறெங்கும் நகல் இல்லை.

ஏன் இல்லை? கொள்ளளவு மிகப் பெரியது, அதனால் வெளியில் நகலெடுத்து வைக்க முடியவில்லை என்பதே அதிகாரிகள் தந்த விளக்கத்தின் சாரம். செய்தியைப் படித்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். இன்று கடைகளில் கிடைக்கும் எல்.டி.ஓ.-9 வகைக் காந்த நாடா ஒன்றில் 18 டெராபைட் அடங்கும். 858ஐ 18ஆல் வகுத்தால் 48 நாடாக்கள் போதும். ஒரு நாடாப் பெட்டி உள்ளங்கை அளவு. தடிப்பு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். நாற்பத்தெட்டையும் வரிசையாக நிற்க வைத்தால் உங்கள் பள்ளி நூலக அலமாரியின் ஒரு தட்டுதான் நிறையும்.

நியாயமாகவும் பேச வேண்டும். ஒருமுறை நகலெடுப்பது பெரிய காரியமன்று. கோப்புகள் நாள்தோறும் மாறுகின்றனவே, அதுதான் சிக்கல். நேற்றைய நகல் வேண்டும், போன வார நகல் வேண்டும், போன மாத நகலும் வேண்டும். ஒரு கோப்பு எந்த நாளில் கெட்டது என்பது பல வேளைகளில் தாமதமாகத்தான் தெரியவரும். இப்படி முப்பது நாளுக்கு முப்பது முழு நகல் வைத்தால் 858 டெராபைட், 25,000 டெராபைட்டைத் தாண்டிவிடும். இந்த இடத்தில்தான் பணப்பையைத் திறப்பவர்களுக்குக் கை நடுங்கும்.

அந்த நடுக்கத்துக்கு மருந்தாக வந்தது ஒரு நுட்பம். ஆங்கிலத்தில் ‘டீடூப்ளிகேஷன்’ என்பார்கள். நாம் நகல்நீக்கம் என்று சொல்லிக்கொள்வோம். இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதை நான் மனமாரப் புகழ்வேன். அதன்மேல் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கலும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நாடா போல் நடிக்கும் வட்டு

என் முதல் வேலை ஒரு நிறுவனத்தின் கணினி அறையில், இரவு நேர ஆப்பரேட்டராக. குளிரூட்டி ஓயாமல் இரையும் அந்த அறையில் என் கடமை நாடா மாற்றுவது. திங்கள், செவ்வாய், புதன் என்று சீட்டு ஒட்டிய நாடாக்களை ஒவ்வோர் இரவும் பொருத்துவேன். வெள்ளிக்கிழமை நாடா முழு நகல். மாதக் கடைசி நாடாவைத் தனியே எடுத்து வைப்போம். நாடா மலிவு. எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் மின்சாரம் கேட்காது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரிசையாகத்தான் படிக்கும். எல்.டி.ஓ.-9 நாடாவின் நீளம் 1,035 மீட்டர். உங்களுக்கு வேண்டிய கோப்பு மறுமுனையில் இருந்தால் ஒரு கிலோமீட்டர் நாடா சுற்றி முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். (பாட்டு கேசட்டுக்குள் பென்சிலை விட்டுச் சுற்றிய கதையை உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.)

வட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்த இடத்துக்கும் நொடியில் தாவும். அப்படியானால் நாடாவை விட்டுவிட்டு நேரே வட்டில் நகல் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நகலெடுக்கும் மென்பொருள்கள் எல்லாம் பல்லாண்டுகளாக நாடாவோடு பேசிப் பழகியவை. “நாடாவைப் பொருத்து, எழுது, பின்னோக்கிச் சுற்று, வெளியே தள்ளு” என்ற கட்டளைகள்தாம் அவற்றுக்குத் தெரியும். அலுவலகங்களின் இரவு நேர வேலை அட்டவணைகளும் அந்தக் கட்டளைகளின் மேல்தான் எழுப்பப்பட்டிருந்தன. அத்தனையையும் மாற்றி எழுதுவதைவிட வட்டையே நாடாவாக நடிக்க வைப்பது எளிது என்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் மெய்நிகர் நாடா நூலகம். 1990களின் பிற்பகுதியில் ஐ.பி.எம்., ஸ்டோரேஜ்டெக் போன்ற நிறுவனங்கள் பெரிய கணினிகளுக்காக இதைக் கொண்டு வந்தன. 2000க்குப் பிறகு நடுத்தர அலுவலகங்களுக்கும் வந்தது. உள்ளே இருப்பது வெறும் வட்டு வரிசை. வெளியே மென்பொருளின் கண்ணுக்கோ நாடா இயந்திரங்கள் தெரியும். பட்டைக்குறி ஒட்டிய நாடாப் பெட்டிகள் தெரியும். அவற்றை எடுத்து மாட்டும் இயந்திரக் கைகூடத் தெரியும். மென்பொருள் “பின்னோக்கிச் சுற்று” என்று சொன்னால், சுற்றுவதற்கு எதுவுமே இல்லாத வட்டு, “சுற்றிவிட்டேன்” என்று பணிவாகப் பதில் சொல்லும். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றிரவு நாடா மாற்றும் என் வேலையே போய்விட்டது என்பது மறுநாள்தான் உறைத்தது.

நடிப்பு நன்றாகத்தான் இருந்தது, விலைதான் இடித்தது. நாடா என்றால் இன்னும் பத்து வாங்கி அடுக்கிவிடலாம். வட்டுக்கு இடம், மின்சாரம், குளிரூட்டல் எல்லாம் வேண்டும். முப்பது நாள் முழு நகலையும் வட்டில் வைப்பது கட்டுப்படியாகாது. இந்த நெருக்கடியில்தான் நகல்நீக்கம் உள்ளே நுழைந்தது.

ஒரே பக்கத்தை ஏன் இருமுறை வைக்க வேண்டும்?

ஒரு பள்ளியின் கோப்புகள் 500 ஜிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் அவற்றில் நூற்றில் ஒரு பங்கு மாறுகிறது. அதாவது 5 ஜிகாபைட். முப்பது நாள் முழு நகலுக்கு 15,000 ஜிகாபைட் இடம் வேண்டும். ஆனால் உண்மையில் புதிதாக வந்தது எவ்வளவு? முதல் நாள் 500, பிறகு 29 நாளுக்கு 5 வீதம் 145. கூட்டினால் 645 ஜிகாபைட். மற்றதெல்லாம் முன்பே எழுதியதைத் திரும்ப எழுதுவது. 15,000ஐ 645ஆல் வகுத்தால் ஏறத்தாழ 23. விற்பனையாளர்கள் ‘இருபதுக்கு ஒன்று’ என்று பெருமையாகச் சொல்லும் விகிதம் இப்படித்தான் வருகிறது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. நாம் திரும்பத் திரும்ப ஒன்றையே எழுதுகிறோம், அவ்வளவுதான்.

திரும்ப வந்ததைக் கண்டுபிடிப்பது எப்படி? தரவைச் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்பதுதான் இதில் அழகான பகுதி.

உங்கள் வகுப்பின் பெயர்ப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது மாணவர்கள், அகர வரிசையில், பக்கத்துக்கு ஐந்து பெயர், எட்டுப் பக்கம். இன்று ‘அகிலன்’ என்று ஒருவர் புதிதாகச் சேர்கிறார். அவர் பெயர் முதல் பக்கத்தின் உச்சியில் ஏறும். முதல் பக்கத்தின் ஐந்தாம் பெயர் இரண்டாம் பக்கத்துக்கு இறங்கும். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பெயர் மூன்றாவதற்கு இறங்கும். எட்டுப் பக்கமும் மாறிவிட்டன. ஒன்பதாவது பக்கமும் முளைத்துவிட்டது. சேர்ந்தது ஒரே ஒரு பெயர். பக்கம் பக்கமாக ஒப்பிடும் இயந்திரம் எல்லாமே புதிது என்று நினைத்து அத்தனையையும் சேமித்துவிடும்.

இப்போது விதியை மாற்றுங்கள். ஐந்து பெயர் என்ற கணக்கை விட்டுவிட்டு, முதலெழுத்து மாறும் இடத்தில் புதுப் பக்கம் தொடங்குங்கள். அகிலன் வந்தால் ‘அ’ பக்கம் மட்டும்தான் மாறும். ‘க’ பக்கமும் ‘ச’ பக்கமும் நேற்று இருந்தபடியே இருக்கும். நகல்நீக்க இயந்திரமும் இதைத்தான் செய்கிறது. தரவின்மேல் ஒரு சிறு சாளரத்தை பைட் பைட்டாக நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண்ணைக் கணக்கிடுகிறது. குறித்து வைத்த வடிவம் அந்த எண்ணில் வந்தால் அங்கே வெட்டும். சாளரம் நகர நகர அந்த எண்ணை விரைவாகக் கணக்கிடும் வழியை மைக்கேல் ராபின் என்ற கணினி அறிவியலாளர் 1981இல் தந்தார். வெட்டுமிடத்தை எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை, உள்ளடக்கமே தீர்மானிக்கிறது. அதனால் நடுவில் எதைச் செருகினாலும் பாதிப்பு அக்கம்பக்கத்தோடு நின்றுவிடும்.

வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை எடுக்க வேண்டும். ‘ஷா-1’ என்ற கணித வழிமுறை, எவ்வளவு பெரிய துண்டையும் 160 பிட் கொண்ட ஓர் எண்ணாகச் சுருக்கித் தரும். துண்டில் ஒரு பிட் மாறினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். புதுத் துண்டு வந்ததும் அதன் கைரேகை அட்டவணையில் இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். இல்லையென்றால் துண்டைச் சேமிக்கும். இருந்தால் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, “இது அந்த இடத்தில் இருக்கிறது” என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதிக்கொள்ளும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

சொல்வதற்கு எளிது. செய்யப் போனால் அட்டவணையே பூதாகரமாகிவிடும். 8 டெராபைட் தரவைச் சராசரி 8 கிலோபைட் துண்டுகளாக வெட்டினால் 100 கோடி துண்டுகள். ஒரு கைரேகைக்கு 20 பைட் என்றால் அட்டவணைக்கு மட்டுமே 20 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு நினைவகம் மலிவாகக் கிடைக்காது. அட்டவணையை வட்டில் வைத்தாலோ, ஒவ்வொரு துண்டுக்கும் வட்டில் தேடி ஓடி, இரவு நகல் விடிந்தாலும் முடியாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் காய் லீ. அவரும் நண்பர்களும் 2001இல் டேட்டா டொமைன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெஞ்சமின் சூ, ஹியூகோ பேட்டர்சன் இருவரோடும் சேர்ந்து 2008இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் எனக்குப் பிடித்த யோசனை ஒன்று இருக்கிறது. நேற்றிரவு துண்டுகள் எந்த வரிசையில் வந்தனவோ ஏறத்தாழ அதே வரிசையில்தான் இன்றிரவும் வரும். ஆகவே அவற்றை வந்த வரிசையிலேயே வட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடு. இன்று முதல் துண்டு வந்து தட்டியதும், அதன் அண்டை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரின் கைரேகையையும் ஒரே நடையில் நினைவகத்துக்குக் கொண்டு வந்துவிடு. அடுத்து வரப்போவது அவர்கள்தான். இதையும் வேறு சில உத்திகளையும் சேர்த்து, அட்டவணைக்காக வட்டுக்கு ஓடும் ஓட்டத்தில் 99 விழுக்காட்டைத் தவிர்த்தார்கள். நாடாவின் குறை என்று நான் மேலே திட்டினேனே, அந்த வரிசைக் குணம்தான் இங்கே கைகொடுத்தது. 2009இல் இ.எம்.சி. நிறுவனம் டேட்டா டொமைனை வாங்க ஏறத்தாழ 210 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது.

எல்லாத் தரவும் இப்படிச் சுருங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். புகைப்படம், காணொளி, சுருக்கிய கோப்பு ஆகியவற்றில் ஒன்றுக்கொன்று பொதுவான துண்டு அரிது. மறையாக்கம் செய்த கோப்பு இன்னும் மோசம். வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் குப்பை எண்கள். தீபாவளிக்கு உங்கள் புலனக் குழுக்களில் நூறு முறை வரும் ஒரே வாழ்த்துப் படம்கூட, யாராவது அளவை மாற்றிச் சேமித்து அனுப்பிவிட்டால் இயந்திரத்துக்குப் புதுப் படம்தான். இதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு நிறுவனத்தின் நகல் விகிதம் ஒரே இரவில் இருபதிலிருந்து இரண்டுக்கு விழுந்தால் நிர்வாகி உடனே எழுந்து உட்கார வேண்டும். பணயத் தீநிரல் எதுவும் கோப்புகளையெல்லாம் மறையாக்கம் செய்துகொண்டிருக்கலாம்.

62 விழுக்காட்டில் நின்ற மீட்பு

இனி மனத்தாங்கலுக்கு வருகிறேன்.

மெய்நிகர் நாடா வந்தபின் எங்கள் அறையில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. நகல் முடிய ஏழு மணி நேரம் பிடித்தது இரண்டு மணி நேரமானது. திரையில் விகிதம் ‘21:1’ என்று பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது. மேலாளர் விருந்தினர்களை அழைத்து வந்து அதைக் காட்டுவார். முப்பது நாள் நகல் எப்போதும் கைவசம்.

எங்கள் மூத்த ஆப்பரேட்டர் ஒருவர் மட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பழைய நாடா இயந்திரத்தில் உண்மையான நாடா ஒன்றை மாட்டி, முழு நகலையும் அதில் எழுதி, சாலைக்கு அப்பால் இருந்த இன்னொரு கட்டடத்தின் அலமாரியில் கொண்டுபோய் வைப்பார். அதற்கு அரை நாள் ஆகும். “அண்ணே, அதான் உள்ளுக்கு முப்பது நாள் இருக்கே, இது என்னத்துக்கு?” என்று கேட்டேன். “இருக்கட்டும் தம்பி. இது வேற கட்டடத்துல இருக்கு” என்றார். அதற்குமேல் விளக்கவில்லை. நாங்கள் பின்னால் சிரித்ததும் உண்மை.

ஒரு திங்கட்கிழமை காலை கணக்குத் துறையின் தரவுத்தளம் கெட்டுப்போனது. பரவாயில்லை, வெள்ளிக்கிழமை நகலிலிருந்து மீட்கலாம் என்று தொடங்கினேன். 62 விழுக்காட்டில் நின்றது. வியாழன் நகலை எடுத்தேன். 62இல் நின்றது. புதன், செவ்வாய், போன வாரம், அதற்கு முந்திய வாரம்... ஒவ்வொன்றும் அதே இடத்தில் போய் நின்றது. மதியத்துக்குள் எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

காரணம் மாலையில்தான் தெரிந்தது. நான்கு வாரத்துக்கு முன்பு, வட்டுகளைக் கட்டுப்படுத்தும் அட்டை ஒன்று பழுதாகி, சில இடங்களில் தவறான பிட்டுகளை எழுதிவிட்டு, சத்தமில்லாமல் வேலையைத் தொடர்ந்திருக்கிறது. அப்படிக் கெட்டவற்றில் கணக்குத் தரவின் சில பழைய துண்டுகளும் அடக்கம். பல மாதமாக மாறாத துண்டுகள் அவை. மாறாத துண்டு என்றால் முப்பது நாளுக்கும் சேர்த்து ஒரே ஒரு முறைதானே சேமித்திருக்கும்? முப்பது நாடாவும் அந்த ஒன்றைத்தான் சுட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கெட்டது, முப்பதும் கெட்டன.

இதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. அந்த நான்கு வாரமும், ஒவ்வோர் இரவும், அந்தத் துண்டின் நல்ல பிரதி வாசலுக்கு வந்திருக்கிறது. மூலத் தரவுத்தளம் அப்போது நலமாகத்தானே இருந்தது! இயந்திரம் கைரேகையைப் பார்த்தது; அட்டவணையில் இருக்கிறது என்றது; நல்லதைத் தூக்கி எறிந்துவிட்டு, கெட்டுப்போனதைச் சுட்டி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டது. சேமித்ததை அவ்வப்போது படித்துச் சரிபார்க்கும் வசதி அந்த இயந்திரத்தில் இருந்தது. வேகம் குறைகிறது என்று யாரோ அதை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

எங்களைக் காப்பாற்றியது சாலைக்கு அப்பால் இருந்த நாடாதான். அது ஏழு வாரம் பழையது. அதன்பின் வந்த ஏழு வார விலைப்பட்டியல்களைக் கணக்குத் துறைப் பெண்கள் ஐந்து பேர் காகிதத்தைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்தார்கள். இரண்டு சனிக்கிழமை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விடுமுறை இல்லை. அண்ணன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் கூடுதல் கூச்சமாக இருந்தது.

இது ஏதோ பழுதான ஓர் அட்டையின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். கைரேகை முறைக்கும் இதே பலவீனம் உண்டு. இரு வேறு துண்டுகளுக்கு ஒரே கைரேகை அமைந்தால் இயந்திரம் இரண்டாவதைத் தூக்கி எறிந்துவிடும். ஷா-1 தரக்கூடிய எண்கள் எத்தனை என்று எழுதினால் 49 இலக்கம் வரும். தற்செயலாக மோதும் வாய்ப்பைவிட வட்டு பழுதாகும் வாய்ப்பே பல மடங்கு அதிகம். ஆனால் வேண்டுமென்றே மோத வைக்கலாம். 2017 பிப்ரவரியில் கூகள் ஆய்வாளர்களும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிலையத்தாரும் ஒரே ஷா-1 கைரேகை கொண்ட இரு வேறு பி.டி.எஃப். கோப்புகளை உருவாக்கிக் காட்டினார்கள். சஃபாரி உலாவியின் உள்ளே இயங்கும் வெப்கிட் மென்பொருள் குழுவினர், தங்கள் மென்பொருள் இதைத் தாங்குமா என்று சோதிக்க அந்த இரு கோப்புகளையும் தங்கள் மூலநிரல் களஞ்சியத்தில் சேர்த்தார்கள். களஞ்சியத்தை நடத்திய சப்வெர்ஷன் மென்பொருள் ஷா-1ஐ நம்பி நகல்நீக்கம் செய்யும் பழக்கம் உடையது. களஞ்சியமே குழம்பி நின்றது. இப்போது வலுவான ஷா-256 போன்றவை வந்துவிட்டன. கைரேகை பொருந்தினாலும் துண்டுகளை பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரங்களும் உள்ளன.

நகல்நீக்கம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. டேஜோனில் 858 டெராபைட்டுக்கு நாள்தோறும் நகல் எடுப்பதைக் கட்டுப்படியாக்கக்கூடியது இந்த நுட்பம்தான். “பெரியது, அதனால் நகல் இல்லை” என்ற சாக்கை அது உடைத்துவிடுகிறது. அலுவலகக் கோப்புகளில் திரும்ப வருவது மிகுதி. ஒரே சுற்றறிக்கை ஆயிரம் பேரின் பெட்டியில் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் அது நன்றாகச் சுருக்கும். வேண்டாத திரும்பச் சொல்லலை அகற்றுவது சிக்கனம்தான். ஆனால் காப்பு நகல் என்பதே ஒன்றைத் திரும்ப எழுதி வைப்பதுதானே? அதில் முழுவதையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு பிரதியும் முப்பது பெயரும். ஆகவே நீக்கியதில் ஒரு பகுதியையாவது நாமே திரும்ப வைக்க வேண்டும்: வேறு இடத்தில், வேறு சாதனத்தில், முழுதாக. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். நகல்நீக்கம் செய்த சேமிப்பகம் எத்தனை நாள் நகலைக் காட்டினாலும் இந்தக் கணக்கில் அதை ஒன்று என்றுதான் எண்ண வேண்டும் என்பது என் வாதம். விளம்பரத் தாள்களில் ‘20:1’ என்று பெரிதாகப் போடுபவர்கள் பக்கத்திலேயே “தனிப் பிரதி: 1” என்றும் அச்சிட்டால் நேர்மையாக இருக்கும்.

அந்த இரண்டாவது பிரதிக்கு நல்ல பழைய நாடாவையே நான் பரிந்துரைப்பேன். நாடா செத்துவிட்டது என்பவர்கள் 2011 பிப்ரவரியை நினைத்துப் பார்க்கட்டும். ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் காணாமற்போயின. கூகள் பல தரவு மையங்களில் பிரதிகள் வைத்திருக்கும் நிறுவனம். பிழை அந்தப் பிரதிகளில் பலவற்றையும் தொட்டுவிட்டது. கடைசியில் அவர்கள் அஞ்சல்களை மீட்டது காந்த நாடாவிலிருந்து. நாடா வலையமைப்பில் இல்லை. அதனால் பிழை அதை எட்டவில்லை. மெய்நிகர் நாடாவை ஊடுருவியவர் ஒரே கட்டளையில் அழித்துவிடலாம். அலமாரியில் இருக்கும் நாடாவை அழிக்க அவர் கட்டடத்துக்குள் நடந்து வர வேண்டும்.

அதைவிட முக்கியமானது மீட்டுப் பார்ப்பது. கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் தேதி ஒரு பொறியாளர் தவறுதலாகத் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். அவர்களிடம் காப்புக்கென ஐந்து வழிகள் இருந்தன. நம்பத்தகுந்தபடி ஒன்றுகூட வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு நகல்தான் உதவியது. அவர்கள் அதை மறைக்காமல் எழுதியதை நான் மதிக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் அப்படி யாரும் எழுதவில்லை. பச்சை எண்ணைக் காட்டிய மேலாளர் அடுத்த ஆண்டு பதவி உயர்வில் போனார்.

நம் இடைநிலைப்பள்ளிகளில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் நகலெடுப்பது பற்றி ஒரு பத்தியாவது படித்திருப்பார்கள். மீட்பதை எத்தனை பேர் ஒருமுறையேனும் செய்து பார்த்திருக்கிறீர்கள்? மேகத்தில் தானாக ஒத்திசைந்துகொள்கிறதே என்பீர்கள். நீங்கள் இங்கே அழித்தால் அதுவும் அங்கே தானாக அழித்துவிடும். நகல்நீக்கச் சேமிப்பகம் போலவே, பல இடத்தில் தெரிகிற ஒரே பிரதி அது.

அதனால் இந்த வார இறுதியில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் திட்டப்பணிக் கோப்புறையில் மூன்று கோப்புகளைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கணினியையும் கைப்பேசியையும் தொடாமல், வேறொருவர் கணினியில், நீங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பு நகலிலிருந்து மட்டும் அவற்றைத் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம் என் வீட்டுக் கோப்புகளுக்கு நானே இதைச் செய்து பார்த்தேன். நான்கு மணி நேரம் பிடித்தது. இரண்டு படங்கள் திறக்கவே இல்லை.